எழுதப்படாத எண்

அக்கா அப்போதெல்லாம் லேப்டாப்பை மூடும் விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு விரலால் மெல்ல அழுத்தி மூடுவாள். மூடியதும் உள்ளங்கையை அதன்மேல் சிறிது நேரம் வைத்திருப்பாள். வேலை முடிந்தது என்று அர்த்தம். இப்போது அவள் அப்படிச் செய்வதில்லை. ஐஸ் பிளான்ட் வேலையை முடித்த மாலை, நாசரேத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் மூடினாள். எதிரே உட்கார்ந்து நான் மறுநாள் பத்திரிகைக்கான செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சிறிய ஐஸ் பிளான்ட் அது. குளிரூட்ட அமோனியா வாயு. அது கசிந்தால் சைரன் ஒலிக்க ஒரு கருவி. ஆனால் கருவியின் புரோகிராமில் எச்சரிக்கை அளவை மிக உயரத்தில் வைத்திருந்தார்கள். மூக்கு எரிய ஆரம்பித்த பிறகும் சைரன் வாய் திறக்காது. அங்கே ஆபரேட்டராக இருந்த அண்ணாச்சிதான் முதலாளியை நச்சரித்து அக்காவை வரவழைத்தார். புரோகிராமை எழுதிக்கொடுத்த கம்பெனி மூடிவிட்டது. மூல நிரல் யாரிடமும் இல்லை. கருவியில் ஓடும் இயங்கு கோப்பு மட்டும் இருந்தது. அதைத் திறந்து உள்ளிருக்கும் ஓர் எண்ணை மட்டும் குறைக்க, அக்கா ஒரு சிறு புரோகிராம் எழுதினாள்.

இத்தகைய கோப்புகளைக் கையாள ஒரு லைப்ரரி, அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு, இருக்கிறது. கோப்பின் பகுதிகளை அது நினைவகத்தில் எடுத்து வைத்துத் தரும். அங்கே எதையாவது மாற்றினால், 'இது மாறியிருக்கிறது' என்று அந்தப் பகுதிக்கு ஒரு ஃபிளாக், ஓர் அடையாளக் குறி, போட வேண்டும். அதற்கென்றே ஒரு வரியில் கூப்பிடும் தனிக் கட்டளை உண்டு. ஃபிளாக் இல்லாவிட்டால், எழுதச் சொல்லும்போது அந்தப் பகுதி பழையபடியே இருக்கிறது என்று லைப்ரரி எடுத்துக்கொள்ளும். பிழை எதையும் காட்டாது. அக்கா அந்த ஒரு வரியை விட்டுவிட்டாள். மாற்றிய எண்ணைச் சரிபார்க்கவும் செய்தாள். ஆனால் கோப்பை மூடித் திறந்து பார்க்காமல், அதே நினைவகத்திலிருந்தே படித்தாள். திரையில் புது எண் வந்தது. கோப்பில் பழைய எண் அப்படியே இருந்தது.

சில வாரங்களில் அமோனியா கசிந்தது. சைரன் ஒலிக்கவில்லை. ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போய்ப் பிழைத்தார். முன்பொரு முறை, மின்சாரம் போய் வரும்போதெல்லாம் சைரன் அலறுகிறது என்று அண்ணாச்சி அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டது எல்லோருக்கும் தெரியும். இப்போதும் பிடுங்கியிருப்பான், கசிவுக்குப் பிறகு மாட்டியிருப்பான் என்றார்கள். தான் தொடவில்லை என்றார் அண்ணாச்சி. முதலாளி அக்காவுக்குப் போன் செய்தார்.

"செக் பண்ணிட்டுத்தான் குடுத்தேன் சார். புரோகிராம்ல தப்பில்ல" என்றாள் அக்கா. அன்றே அண்ணாச்சியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு பிளான்ட்டிலிருந்து அதே வேலைக்குக் கேட்டார்கள். முன்பு செய்ததை எடுத்து, பழைய கோப்பையும் மாற்றிய கோப்பையும் அக்கா ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு பைட்கூட வேறுபடவில்லை. இம்முறை சரியாக எழுதி, மூடித் திறந்தும் பார்த்துவிட்டு, தூத்துக்குடிக்கு வண்டியை எடு என்று என்னிடம் சொன்னாள்.

ஏரல் பாலம் தாண்டும்போது நான் சொன்னேன்: "தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லிரேன்க்கா. நாங்க பேப்பர்ல அப்படித்தான எழுதுதோம்."

"யாருக்குலே கோளாறு? லைப்ரரி சொன்னதைக் கேட்டுச்சு. நான்தான் சொல்லல."

ஹெல்மெட்டுக்குள் என் காது சுட்டது. அந்த வார்த்தையை எத்தனையோ செய்திகளில் எழுதியிருக்கிறேன். அதன் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

முதலாளி அக்காவை உட்காரவைத்து டீ வரவழைத்தார். "விடுங்க மேடம். அவன் முன்னால ஒயரப் பிடுங்கினவன்தான?" என்றார். அக்கா டீயைத் தொடவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னாள். அவர் வந்ததும் வெளியே போய், ஐஸ் உடைக்கும் இடத்தில் நின்று, சுமை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள்.

"ஏலே, அப்பம் நாம அண்ணாச்சியப் பேசுன பேச்செல்லாம்?" என்றார் ஒருவர்.

"நீ பேசுனதுக்கு நீதாம்ல போய் மாப்பு கேக்கணும். என்னைய எதுக்கு இழுக்க?" என்றார் பக்கத்தில் நின்றவர். யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி அண்ணாச்சியை மறுநாளிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். அண்ணாச்சி தலையசைத்துவிட்டு அக்காவிடம் வந்தார். "வேலைக்கு வாரேன். அது கெடக்கட்டும். இப்பம் எங்கூட வீட்டுக்கு ஒரு எட்டு வாரியளா? ஒயரத் தொடலன்னு பிள்ளைக தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். அதுகளுக்கும் நீங்களே சொல்லிருங்க."

வீடு துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த தெருவில். மாதா படத்துக்குக் கீழே இரண்டு பெண்பிள்ளைகள் உட்கார்ந்து பள்ளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியைக் காட்டியும் அக்கா உட்காரவில்லை. அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"உங்கப்பா ஒயரத் தொடலம்மா. சைரன் அடிக்காம போனது என்னால. மாத்துன நம்பரை நான் சரியா எழுதாம விட்டுட்டேன்" என்றாள்.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். பெரியவள் கையிலிருந்த சட்டையின் காலரை நீவிவிட்டபடி, "அப்பா தொடலன்னு எங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

"யாரும்மா சொன்னா?"

"அப்பாதான் சொன்னாவ."