கடைசிப் பக்கம் இல்லாத நாவல்கள்

பதினோரு நாவல்களுக்கு நான் கடைசிப் பக்கங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குக்கூட முதல் பக்கம் எழுதியதில்லை. இதை வெளியே சொல்ல வெகுகாலம் கூச்சமாக இருந்தது. இப்போது என்னிடம் விளக்கம் கேட்க மேலதிகாரி யாரும் இல்லை. ஓய்வுபெற்றாயிற்று.

எழுபதுகளின் நடுவில் பெரம்பலூரில் கிளை நூலகராக இருந்தேன். வாடகைக்கு எடுத்த ஓட்டுக் கட்டடம். முன்கூடத்தில் செய்தித்தாள் மேசை, உள்ளே புத்தக அலமாரிகள். ஆள் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். என் சொந்த ஊர் விக்கிரமங்கலம். பள்ளிக்கூட நாளிலிருந்தே என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் 'நல்வரவு' தட்டி எழுதக் கூப்பிடுவார்கள். நூலகத்துக்கு வந்த பிறகு தட்டி எழுதக் கூப்பிட ஆளில்லை. அந்தக் கை கிழிந்த புத்தகங்களை ஒட்டுவதில் இறங்கியது. மைதா மாவில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் பசையைப் பூச்சி தின்னாது. மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் கத்தரிக்கோலும் பசைக் கிண்ணமுமாக உட்கார்ந்துவிடுவேன்.

ஒட்டி ஒட்டி ஒன்று தெரிந்துகொண்டேன். நாவல்கள் எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் சாகின்றன. படுத்துக்கொண்டு படிப்பவர்கள் பின்னட்டையை மடக்குவார்கள். அட்டை முதலில் போகும். பிறகு கடைசி எட்டுப் பக்கம் தைப்பு விட்டுத் தொங்கும். அதற்கப்புறம் யாருடைய வீட்டிலாவது அது கடலை மடிக்கப் போய்விடும்.

எங்கள் வாசகர்களில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகக் கீழப்பழுவூர் போகும் பஸ். தோல் பைக்குள் டிக்கெட் கட்டோடு எப்போதும் ஒரு நாவல் இருக்கும். முறுக்கிவிட்ட பெரிய மீசை. சோகக் கதைகள்தான் கேட்டு வாங்குவார். ஒருநாள் காக்கிச் சட்டையோடு வேகமாக வந்து புத்தகத்தை மேசையில் போட்டார்.

"என்னாங்க சார் இது அநியாயம்? அந்தப் பொண்ணு கெணத்தடியில போயி நிக்கிறா. அதோட பக்கம் முடிஞ்சு போச்சு. குதிச்சாளா இல்லியா?"

புரட்டிப் பார்த்தேன். கடைசி ஆறு பக்கங்கள் இல்லை. கணவன் வீட்டில் படாத பாடு பட்ட ஒரு பெண், விடியற்காலையில் கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான்.

"வேற பிரதி இருக்கான்னு எழுதிக் கேக்குறேங்க" என்றேன்.

"கேளுங்க. எனக்கு ரெண்டு நாளா டிக்கெட்டு கிழிக்கக்கூட கை ஓடல."

எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. அவர் தினமும் பஸ்ஸை நிறுத்தும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று, "குதிச்சாளா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு வாரம் பொறுத்தேன். ஒரு மத்தியானம் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து படித்தேன். அந்தப் பெண்மேல் எனக்கே ஒரு வாஞ்சை வந்துவிட்டது. வெள்ளைத் தாளைப் புத்தக அளவுக்கு வெட்டி, கறுப்பு மசியில் அச்செழுத்துப் போலவே எழுத ஆரம்பித்தேன். பக்க எண்கூட மேலே நடுவில், அவர்கள் போட்ட மாதிரியே போட்டேன்.

என் ஆறு பக்கங்களில் அவள் குதிக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் இறைத்து முகத்தைக் கழுவிக்கொள்கிறாள். வீட்டுக்குள் போய் ஒரு புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய் நர்ஸ் படிப்பில் சேர்கிறாள். கடைசி வரியில் அவளுடைய மாமியாருக்கே அவள் ஊசி போடுகிறாள். அந்த இடத்தை எழுதும்போது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஒட்டிக் காய வைத்து, "பக்கம் கெடச்சிடுச்சுங்க" என்று கண்டக்டரிடம் கொடுத்தேன். அது ஒரு பொய். ஆனால் சின்னப் பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பொழச்சிட்டா சார்! ஊசி போட்டா பாருங்க, அங்க கை தட்டிட்டேன். ஒண்ணுதான் கொறை. அந்த நேரத்துல திருச்சிக்கு பஸ்ஸே கெடையாது. எழுதுன ஆளுக்கு அது தெரியல."

"எழுதுன ஆளு வெளியூருங்களே" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பீரோ பீரோவாகத் துழாவிக் கடைசிப் பக்கம் இல்லாத நாவல்களைப் பொறுக்கி எடுத்தேன். ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்பதே கிழிந்துபோயிருந்தது. மூன்று நாள் யோசித்து, கதையில் எல்லாரும் பார்த்துக்கொண்டே போன, யாரும் சந்தேகப்படாத தபால்காரரை மாட்டிவிட்டேன். அதன் பிறகு எங்கள் தெருத் தபால்காரர் வந்தால் அவரை நேராகப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இன்னொன்றில் ஜமீன்தாருக்குச் சொத்து போய்விடும் போலிருந்தது. எங்கள் பெரம்பலூருக்குப் பக்கத்து எறையூரில் கரும்பு போடவைத்து அவரைக் கரையேற்றினேன். நாவல் நடந்தது எங்கேயோ மலையாளத்துப் பக்கம். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. வினை பஸ்ஸில் ஏறி வந்தது.

கண்டக்டருக்கு ஒரு பழக்கம். டிக்கெட் போட்டு முடித்தபின் கம்பியில் சாய்ந்துகொண்டு, தான் படித்த கதையைப் பஸ்ஸில் இருப்பவர்களுக்குச் சொல்லுவார். கிணற்றடிப் பெண்ணின் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒருநாள் காலையில் அந்த பஸ்ஸில் ஒரு தமிழ் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அரியலூரில் வீடு, பெரம்பலூரில் பள்ளிக்கூடம். புதிதாக மாற்றலாகி வந்தவர். அதே நாவலை அவர் அரியலூர் நூலகத்தில் எடுத்துப் படித்திருந்தார்.

"நிறுத்துங்க. அவ எங்க நர்ஸானா? அவ கெணத்துல விழுந்து செத்துட்டா" என்றாராம் டீச்சர்.

"சாவலைங்க. நான் படிச்சேன்."

"நானும்தான் படிச்சேன். அவ பொணத்தைத் தூக்குறதுதான் கடைசிப் பக்கமே."

பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கீரைக்கட்டோடு வந்த ஒரு அம்மா, "நல்ல சேதி சொல்ற வாய விட்டுட்டு, செத்துட்டான்னு ஏந்தாயி சொல்ற?" என்று டீச்சரையே கோபித்துக்கொண்டாராம். கண்டக்டர் ஆவேசத்தில், "அவ செத்திருந்தா இந்த மீசைய எடுத்துடறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் இருவரும் நூலகத்துக்கு வந்தார்கள். டீச்சர் கையில் அரியலூர்ப் பிரதி. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு புத்தகங்களையும் மேசையில் விரித்து வைத்தார் டீச்சர். தாளைத் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது அச்சு இல்ல. கையெழுத்து."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். "என்னா சார் இது?"

"நான்தாங்க எழுதுனேன்" என்றேன்.

அந்த மனிதர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. "அப்ப நெசமாவே அவ செத்துட்டாளா?" என்றார். மீசையைப் பற்றி அவருக்கு நினைப்பே இல்லை.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் ஆறு பக்கங்களையும் படித்தார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் 'ர'வை 'ற' ஆக்கினார். ஓரிடத்தில் ஒற்று போட்டார். அரசாங்கப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்று சொல்ல எனக்கு அப்போது என்ன யோக்கியதை?

"செத்ததுதாங்க சரியான முடிவு. முன்னால எழுதுன அத்தனையும் அங்கதான் கொண்டுபோய் விடுது" என்றார். பிறகு பேனாவை மூடினார். "ஆனா எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. அதான் கோவமா வருது."

"அப்ப மீசை?" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும். இந்தப் பொஸ்தகத்துல அவ உசுரோடதான இருக்கா."

விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த மாதம் இருப்பு சரிபார்க்க மாவட்ட நூலக அதிகாரி வந்தபோது, நாவல் அலமாரிக்குத்தான் நேராகப் போனார். ஒல்லியான மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒட்டிய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கச் சொன்னார். பதினோரு புத்தகங்கள்.

"இதுக்கு யார் உத்தரவு குடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்க."

"எழுதுனவங்க பேரை மேல போட்டுட்டு உங்க சரக்கை உள்ள வெச்சிருக்கீங்க. இது தப்புன்னு தெரியலையா?"

அப்போதுதான் தெரிந்தது. அந்த வார்த்தை குத்தியது. நான் கதாபாத்திரங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களைப் படைத்தவர்களைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். கிழித்துப் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். 'இனி எழுதக்கூடாது; எழுதியவற்றில் இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை ஆசிரியருடையது அல்ல என்று சீட்டு ஒட்டவும்' என்று உத்தரவு வந்தது. வந்த அன்று கிளம்புமுன் அவர் துப்பறியும் கதையை மட்டும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். திருப்பி அனுப்பியபோது உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: 'தபால்காரர் அன்று விடுமுறையில் இருந்ததாக நாற்பதாம் பக்கத்தில் வருகிறது.'

சீட்டு ஒட்டினேன். அதுதான் பெரிய கூத்தாகிவிட்டது. அதுவரை யாரும் தொடாத புத்தகங்களைக்கூட, 'சீட்டு ஒட்டுன பொஸ்தகம்' என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பதினொன்றும் அலமாரியில் நிற்கவே இல்லை. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தப் பெருமை ஒரு திங்கட்கிழமை இறங்கியது. புத்தம் புதிய நாவல் ஒன்று திரும்பி வந்தது. தூக்கிப் பார்க்கும்போதே கனம் குறைந்திருந்தது. கடைசிப் பத்துப் பக்கங்களை யாரோ பிளேடால் சுத்தமாக அறுத்து எடுத்திருந்தார்கள். கடைசியாக எடுத்தவர் கண்டக்டர்.

பஸ் ஸ்டாண்டுக்கே போனேன். என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"முடிவு நல்லால்லைங்க சார். அந்தப் பையனை அநியாயமா ஜெயிலுக்கு அனுப்பிட்டாரு. நீங்கன்னா காப்பாத்திடுவீங்கன்னுதான்..."

"பக்கம் எங்கங்க?"

தோல் பைக்குள் கைவிட்டு, நான்காக மடித்த பத்துப் பக்கங்களை எடுத்து நீட்டினார். தூக்கிப் போட மனசு வரவில்லையாம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. புத்தகம் கிழிந்தால் ஒட்ட வேண்டிய நூலகன் நான். என்னால்தான் ஒரு நல்ல புத்தகம் அறுபட்டிருக்கிறது. நூலகத்துக்கு வந்து பத்துப் பக்கங்களையும் நீவிவிட்டு, மெல்லிய தாள் கொடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். பையன் ஜெயிலுக்கே போனான்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கோடு போட்ட பெரிய நோட்டு வாங்கி, என் அச்செழுத்தில் 'முடிவு பிடிக்காதவர்கள் இதில் எழுதவும். புத்தகத்தைத் தொட வேண்டாம்' என்று மேலே எழுதி, செய்தித்தாள் மேசைக் காலில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். முதலில் எழுதியவர் கண்டக்டர்தான். 'பையன் விடுதலை. நீதிபதி மன்னிப்பு கேட்டார்.' அதன் கீழே மறுநாள் டீச்சரின் சிவப்பு மை: 'எந்த ஊர் நீதிபதி மன்னிப்பு கேட்கிறார்?' அதற்குக் கீழே கண்டக்டரின் பதில். பக்கம் பக்கமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். செய்தித்தாள் படிக்க வந்தவர்கள் முதலில் நோட்டைத்தான் எடுத்தார்கள். என் முறை வரக் காத்திருந்து நானும் எழுதினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு அரியலூருக்கு மாற்றல் வந்தது. பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். புதிதாக வந்த நூலகர் ஒரு பெண். எதையும் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். நாற்காலி, பீரோ, மணிக்கூண்டு போட்ட காலண்டர் வரை பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், மேசைக்கால் அருகே நின்றார்.

"இது என்ன சார்? லிஸ்டுல இல்லியே."

"அது கணக்குல சேராதுங்க. வேணாம்னா அவுத்துடறேன்."

"இருங்க, என்னன்னு பாக்குறேன்" என்று கயிற்றோடு நோட்டை இழுத்து மேசையில் வைத்துப் பிரித்தார். நின்றபடி இரண்டு பக்கம் படித்தார். பிறகு உட்கார்ந்தார். எனக்கு நாலு மணி பஸ். ஒருமுறை செருமிப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. ஒரு இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மேடம், கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"சித்த இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, என் சட்டைப் பையைச் சுட்டி, "அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க" என்றார். கொடுத்தேன். நோட்டின் கடைசியில் எழுதப்படாத பக்கத்தைப் புரட்டி எழுத ஆரம்பித்தார். நான் முன்கூடத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்து அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன்.