எழுபது வளைவும் ஒரு தலைவலியும்

எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில் ஜீப் ஓட்டுகிறவன் கியர் போடக் கற்பதற்கு முன்னால், பின்சீட்டில் யார் வாந்தி எடுக்கப் போகிறார்கள் என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்லக் கற்கணும். மலைச்சவாரி அடிக்கிற டிரைவர்களே, உங்களுக்குத் தெரியாததா? கர்ப்பிணி ஏறினால் ஒரு கண்ணு ரோட்டில், ஒரு கண்ணு கண்ணாடியில். போன வருசம் செல்வி என்று ஒரு பொண்ணு, தலைச்சன் பிள்ளையைச் சுமந்தவள். செக்கப்புக்கு எப்பவும் என் வண்டிதான். கூடவே மாமியார் ராமாயி.

புளிப்பு மிட்டாய்

மூணாம் மாசம். பத்து வளைவு இறங்குவதற்குள் நாலு தடவை வாந்தி. நம்ம ரோடு செய்யுற வேலைதான் என்று நானும் புளிப்பு மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். கீழே சமதள ரோட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. ரெண்டு நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லையாம். சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். படுத்தபடியே சொன்னாள்: "பெரியப்பா, ரோடு முடிஞ்சு போச்சு, என் வாந்தி முடியலீங்களே!"

மரவள்ளிக் காட்டு மாத்திரை

அஞ்சாம் மாசம் ரத்தம் குறைச்சல் என்றார்கள். கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையெல்லாம் மரவள்ளிக் காட்டுக்குள் கிடந்தது. "அதைத் தின்னா புள்ள கறுப்பாப் பொறக்குமுங்க" என்றார் ராமாயி. நர்சம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க ராமாயிக்கா, உங்களைப் பெத்தவங்க எத்தனை மாத்திரை தின்னாங்க?"

நின்ற வண்டி

எட்டாம் மாசம். செல்வி ஏறும்போதே முகம் உப்பியிருந்தது. வளையல் மணிக்கட்டில் இறுகிக் கிடந்தது. "தல விண்ணுவிண்ணுங்குது, கண்ணு மங்குது" என்றாள். "வளைவு சுத்தினா அப்படித்தான், கண்ண மூடிக்க சாமி" என்றார் ராமாயி.

சாவியைப் போடப் போனவன் திரும்பிப் பார்த்தேன். "ஏனுங்கக்கா, வண்டியை நான் இன்னும் எடுக்கவே இல்லீங்களே!"

அன்றைக்கு டீக்கடையில்கூட நிறுத்தவில்லை. நேரே பெரிய ஆஸ்பத்திரி. பிரஷர் ஏறிக் கிடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்து ரெண்டு உசுருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். அங்கேயே படுக்க வைத்து மருந்து கொடுத்து, நாலாம் நாள் ஆபரேஷன். பொட்டப்புள்ள, பூனைக்குட்டி கனம். ஆனால் அழுகை வார்டையே தூக்கியது. செல்வியும் தேறிவிட்டாள்.

இப்போது ராமாயி எங்கள் ஊர்க் கர்ப்பிணிகளுக்கெல்லாம் சொல்கிறார்: "தல வலிச்சா, வண்டி ஓடுதா நிக்குதான்னு மொதல்ல பாருங்க கண்ணு!"

எழுபது வளைவுக்கும் இருக்கிற கெட்ட பேரே போதுமுங்க, கர்ப்பிணிப் பொண்ணுங்க நோவையும் அந்த வளைவு தலையில கட்டாம ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுங்க.