பட்டியலில் அடுத்த பெயர்

"இப்பல்லாம் யாரு சாதி பாக்குறா? அதான் சட்டம் இருக்கே, இன்னும் எதுக்கு இடஒதுக்கீடு?" என்று ஆசிரியர் அறையில் யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். வாய்ச்சண்டைக்கு நான் சளைத்தவள் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி வந்தால் என் அத்தைதான் கண்முன் வந்து நிற்கிறாள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைக்க ஆள் எடுத்தார்கள். எஸ்.சி.க்கு ஒதுக்கிய இடம். எங்கள் தெருவிலிருந்து இரண்டே பேர் மனுப் போட்டார்கள்: என் அம்மா, அப்புறம் அப்பாவின் அக்கா. வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. அத்தை பட்டியலில் அடுத்த ஆள். அதுவரை மேலத்தெருப் பெரியவர் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்த அம்மா, அரசாங்க உத்தரவைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

முதல் நாள் சாம்பார் வாசம் நான் உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வந்தது. மணி அடித்ததும் தட்டோடு ஓடினேன். வரிசையில் எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும்தான். மேலத்தெருப் பிள்ளைகளுக்கு வயிற்று வலியாம். அம்புட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில்! மறுநாள் முதல் அவர்களுக்கு வீட்டிலிருந்து தூக்குவாளி வந்தது.

தீண்டாமை குற்றம் என்று பாடப்புத்தகத்தின் முன்பக்கத்திலேயே போட்டிருந்தது. ஆனால் யார்மேல் புகார் கொடுப்பது? ஒருவரும் ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. வயிற்று வலிக்கு எந்த போலீஸ் கேஸ் போடும்? மிஞ்சிய சோற்றைப் பார்த்துப் பார்த்து அம்மா அழுதாள். இப்படியே போனால் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே மாதத்தில் மேலத்தெருப் பெரியவர் மனுக் கொடுத்துவிட்டார். சமையலில் ருசி இல்லையாம். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!

ஒன்றிய அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். ஊரே பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடிவிட்டது.

"ஆள மட்டும் மாத்திக் குடுங்க சார். வேற ஒண்ணும் இல்ல" என்றார் பெரியவர்.

"மாத்தலாமே" என்று அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "ஆனா இது ஒதுக்கீட்டு இடம். பட்டியல்ல அடுத்து இருக்கிறவங்களைத்தான் போட முடியும்." அத்தையின் பெயரை உரக்க வாசித்தார்.

பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தை வைத்த கருவாட்டுக் குழம்பை எங்கள் வீட்டு நாய் மோந்துவிட்டு எழுந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். வாயோ அதைவிடக் காரம். வத்தலக்குண்டு பஸ் நிற்காமல் போனதற்கு, மறுநாள் நடுரோட்டில் உட்கார்ந்து கண்டக்டரைக் கிழிகிழியென்று கிழித்தவள் அவள். கூட்டத்தில் நின்ற அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாளைக்கே வாரேன் சார். எவன் புள்ள திங்கலைன்னு நானும் பாக்குறேன்" என்றாள்.

"வேணாஞ் சார், வேணாம்" என்று பெரியவர் அவசரமாகச் சொன்னார். "இந்தப் புள்ளையே இருக்கட்டும்."

"அப்ப உங்க பிள்ளைங்க சாப்பிடணும். சோறு மிஞ்சினா இவங்களை மாத்தித்தான் ஆகணும்" என்றார் அதிகாரி. சிரிப்பை அடக்குவதற்குள் மனுஷன் பட்ட பாடு!

மறுநாள் ஒரு தூக்குவாளியும் வரவில்லை. அந்த வார முட்டை நாளில் பெரியவரின் பேத்தி இரண்டாம் முறை தட்டோடு வந்தாள். அவர்கள் தோட்டத்தில் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் அவள். "அக்கா, இன்னுங் கொஞ்சம் சாம்பார்" என்றாள். அம்மா ரெண்டு கரண்டி ஊற்றினாள். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

பல வருடம் கழித்து எனக்கும் அப்படியொரு பட்டியலில் வாத்தியார் வேலை கிடைத்தது. அன்று விருந்துக்கு வந்த அத்தை, "ஒங்காத்தா வேலையக் காப்பாத்துனது என் வாயிதான்டி" என்றாள்.

"வாயி எப்பவுந்தான் இருந்துச்சு அத்தை. அந்தப் பட்டியல்ல ஒம் பேரு இருந்துச்சு பாரு, அதுக்குத்தான் பயந்தாய்ங்க."

அத்தை கடைசி வாயை வழித்துப் போட்டுக்கொண்டாள். "அப்ப என் கொழம்புக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அம்மாவிடம் தட்டை நீட்டினாள்.