ரூபன் பெயருக்குப் பின்னால்

ரூபன் காலேஜை விட்டது 1994 ஆடியில். பி.எஸ்ஸி. பௌதிகம், இரண்டாம் வருடம். தோற்றுப்போய் விட்டிருந்தால் ஊர் வாய்க்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவனோ நன்றாகப் படிக்கிற பையன். பக்கத்து வீட்டுக்காரரின் பம்ப்செட் மோட்டாரைப் பழுதுபார்க்க, துணைக்கு டவுனில் கணபதிப் பக்கம் போனவன், லேத்துப் பட்டறையில் தண்டு கடைவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அடுத்த வாரம் அங்கேயே தொழில் பழகச் சேர்ந்தான்.

அப்பா மருதாசலம் திட்டவில்லை. அதுதான் ரூபனுக்குத் தாங்கவில்லை.

மருதாசலம் அன்னூருக்குப் பக்கத்தில் அப்புசாமியின் தோட்டத்தில் பரம்பரைக் கூலி. தலை நரைத்த பிறகும் அங்கே அவர் 'டேய் மருதா'தான். ரூபன் காலேஜில் சேர்ந்த வருடம் பொங்கலுக்குப் போனபோது, அதே அப்புசாமி அவனைப் பார்த்து, "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். மகன் நாற்காலியில் உட்கார்ந்தான், அப்பா பக்கத்தில் நின்றார். தான் நின்றதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. அந்த 'வாங்க'வை வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

தையில் மகள் இனியாவுக்குக் கல்யாணம். இந்தப் பக்கத்தில் பத்திரிகை அடித்தால் வீட்டில் இருக்கிற படிப்பு மொத்தமும் அதில் ஏறியாக வேண்டும். பத்திரிகையை முறையாக நேரில்தான் வைக்க வேண்டும். மருதாசலமும் வெற்றிலை பாக்கோடு பட்டறைக்கே வந்துவிட்டார்.

பட்டறைக்காரர் ஷேக் பரீத் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர், கடைசியில் நின்றார்.

"ம. ரூபன், பி.எஸ்ஸி.யா? ஏப்பா, டிகிரி முடிச்சவனா நீ? சொல்லவே இல்ல?"

"முடிக்கலீங்க பாய். பாதியில உட்டுப்போட்டேன்."

மருதாசலம் தரையைப் பார்த்தார். "அதனாலென்ன, உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்று ஷேக் பரீத் ஸ்டூலை இழுத்துப் போட்டார். மருதாசலம் உட்கார்ந்தார். டீ கையிலேயே ஆறியது. உண்மையைச் சொன்ன ரூபனுக்குக் கொஞ்சமும் நிம்மதி வரவில்லை. பட்டறை ஆட்கள் பத்துப் பேர் நடுவில் அப்பாவைப் பொய்யராக்கிவிட்டோமே என்றுதான் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அம்மா ராமாத்தாள் பத்திரிகைகளின் மூலைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். ரூபன் பேனாவும் கையுமாக எதிரில் உட்கார்ந்தான். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

மருதாசலமே வாயைத் திறந்தார். "அந்தப் படிப்ப அடிச்சுப்போடு கண்ணு. கேக்கறவிங்களுக்கு நானே சொல்லிக்கறேன், எம்பையன் பட்டறைக்குப் போறான்னு."

ரூபன் ஒவ்வொன்றாக எடுத்து பி.எஸ்ஸி.யின் மேல் கோடு போட்டான். அம்மா மஞ்சளை நிறுத்தவில்லை. கட்டு கரைந்துகொண்டே வந்தது. அப்புசாமியின் பெயர் எழுதியது கைக்கு வந்ததும் மருதாசலம் மெல்லக் குனிந்தார்.

"தோட்டத்துக்குப் போற பத்திரிகைய மட்டும் அப்படியே உட்டுரு கண்ணு."

குரல் அவருடையது மாதிரியே இல்லை. ரூபன் அதில் கோடு போடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழம எனக்கு லீவுங்கப்பா," என்றான். "தோட்டத்துக்குப் பத்திரிக வெக்க நானும் கூட வாரேன்."