திரும்பி வந்த படப் புத்தகம்

இன்று காலை மாரமங்கலம் பஸ்ஸில், எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லி எங்கள் பள்ளியிலிருந்து ஆசிரியர்கள் நாங்கள் வீடுவீடாகக் கொடுத்த படப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"இது வேண்டாமுங்க."

"ஏனுங்க, பாப்பாவுக்குப் பிடிக்கலீங்களா?"

"நொம்பப் பிடிச்சுதுங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. படத்தைப் பாத்து நானே கதை கட்டிச் சொல்லுவேன். இப்ப அவ படிக்கக் கத்துக்கிட்டா. 'இதுல அப்படி எழுதலியே, பொய் சொன்னியாம்மா'ன்னு கேட்டுட்டாளுங்க. அதுக்கப்புறம் எங்கிட்டக் கதையே கேக்கறதில்லை."

"அவளையே உங்களுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லுங்களேன்."

"சொன்னேனுங்க. உனக்கு எதுக்குன்னுட்டா."

புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் 'வீட்டில் வாசிப்போம்' என்று நான்தான் பேச வேண்டும். என்ன பேசலாம், சொல்லுங்கள்.