டஹாளே கடை வாசலில் ரக்மாபாய்

நாசிக்கின் நகைக்கடைத் தெருவான சராஃப் பஜாரில் தராசு சீர்செய்வது என் தொழில். என் கடைக்கு எதிரே டஹாளே சேட்டின் பழங்காசுக் கடை. அதன் வாசலில், சாக்கடையோரம் மரத்தட்டோடு உட்கார்ந்திருப்பவள் ரக்மாபாய். நகைப்பட்டறைக் குப்பையையும் கோதாவரி மணலையும் அரித்துப் பொன்தூசியும் காசும் எடுக்கும் அரிப்புக்காரி.

அரிக்க வேறு இடமில்லாமல் அவள் அங்கே வரவில்லை. அவள் கணவன் தோண்டிபா ஆற்றில் கிடைத்த பேஷ்வா காலத்து வெள்ளிக்காசுகளை டஹாளேயிடம்தான் விற்பான். டஹாளே அவற்றோடு, பின்கட்டில் தானே வார்த்த போலிகளைக் கலந்து விற்றார். வாங்கிய ஒருவர் போலீசோடு வந்து நின்றபோது, "எனக்கென்ன தெரியும்? இவன் கொண்டுவந்தது" என்று தோண்டிபாவைக் கைகாட்டிவிட்டார். சிறைக்குப் போய்வந்தவனின் காசைத் தெருவில் யாரும் தொடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனான். கள்ளக்காசுக்காரன் என்ற பேரோடுதான் அவனைத் தூக்கிப்போனார்கள்.

காரியம் முடிந்த வாரமே ரக்மாபாய் அந்த வாசலில் வந்து உட்கார்ந்தாள். கடையிலிருந்து காசோடு யார் இறங்கினாலும் கூப்பிடுவாள்.

"அண்ணா, காட்டிட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றிவருவாள். வார்த்த காசென்றால் இரண்டு பாதி சேர்ந்த தழும்பு இருக்கும்; அல்லது அதை மறைக்க அரம் போட்ட கீறல் இருக்கும். எழுத்துகளின் பள்ளத்தை வெயிலில் சாய்த்து, ஊசிமுனைக் குழிகளைத் தேடுவாள். பிறகு கல்லில் போட்டு ஓசை கேட்பாள். எழுத்தெல்லாம் வட்டத்துக்குள் அழகாக அடங்கியிருந்தால் சிரிப்பு வந்துவிடும்.

"அந்தக் காலத்து அச்சு காசைவிடப் பெருசுண்ணா. பாதி எழுத்து வெளியே ஓடியிருக்கணும். இது உங்களுக்காகவே பொறந்த காசு!"

வாங்கியவர் திரும்பப் படியேறுவார். உள்ளே சத்தம் கேட்கும். ரக்மாபாய் குனிந்து மணலை அரிப்பாள். அசல் வந்தால் அசல் என்றும் சொல்வாள், வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு.

வியாபாரம் படுத்தது. அவளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டுவர டஹாளே என்னை அனுப்பினார்.

"பணமா? அதை அவனே வச்சுக்கட்டும். வார்த்தது யாருன்னு இந்தத் தெருவுல நின்னு சொல்லச் சொல்லு. என் புருஷன் பேரு திரும்பி வரணும்" என்றாள்.

டஹாளே அதற்கு மசியவில்லை. வேறு வழி தேடினார்.

தீபாவளிக் கூட்டத்தில் ஒருநாள், ஜல்காவ்காரர் ஒருவர் கடையிலிருந்து இறங்கி, தானாகவே அவளிடம் ஒரு முகலாயப் பொன்காசை நீட்டினார். அவள் தலைநிமிர்ந்தாள். டஹாளே வாசலில் நின்றிருந்தார். இருபக்கமும் தெருவின் மூத்த நகைக்காரர்கள் இரண்டு பேர். எனக்குப் புரிந்துவிட்டது. காசு அசல், வந்தவர் டஹாளேயின் ஆள். வஞ்சத்தில் போலி என்று சொல்லட்டும், பெரியவர்கள் முன்னால் அவள் வாயை அடைத்துவிடலாம் என்பது கணக்கு.

அவள் விளிம்பைத் தடவினாள். வெயிலில் சாய்த்தாள். கல்லில் ஒருமுறை தட்டினாள், இன்னொருமுறை தட்டினாள். 'வார்ப்பு' என்று சொல்லிவிட அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

"அசல்" என்றாள், துப்புவதுபோல.

டஹாளேயின் முகம் ஒரு கணம் விழுந்தது. மறுகணமே அதிலும் லாபம் தெரிந்துவிட்டது. "கேட்டீங்களா எல்லாரும்! அவ வாயாலேயே சொல்லிட்டா! ரக்மா கண்ணு இந்தத் தெருவுல தப்பினதே இல்லை, தெரியுமில்ல!" என்று கூவினார்.

"அப்படியா சேட்?" கூட்டத்திலிருந்து ஒரு புனேக்காரர் பையைத் திறந்தார். "காலையில உங்ககிட்ட வாங்கினது. அக்கா, இதையும் பாருங்க."

அவள் நகம் விளிம்பில் பாதிச் சுற்றிலேயே நின்றது. "வார்ப்பு. அரம் போட்டிருக்கு."

இன்னொருவர் நீட்டினார். அதுவும் வார்ப்பு. மூத்த நகைக்காரர் வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார்.

"அது... அரிப்புக்காரங்க கொண்டுவர்றது..." என்று இழுத்தார் டஹாளே.

ரக்மாபாய் எழுந்து நின்றாள். "எந்த அரிப்புக்காரன்? இந்தத் தெருவுல இப்ப நான் ஒருத்திதான். நான் வித்தேனா உனக்கு?"

"சேட், சொல்லிடுங்க. இல்லேன்னா நான் போலீசைக் கூப்பிட வேண்டிவரும்" என்றார் நகைக்காரர்.

"தோண்டிபா இல்லை..." என்று முனகினார் டஹாளே.

"யாரு இல்லைன்னு கேட்கலை. யாருன்னு கேட்டேன்" என்றாள் ரக்மாபாய்.

"நான்."

"காதுல விழலை."

"நான்தான்! பின்கட்டுல நான்தான் வார்த்தேன்!"

அன்று சாத்திய கடை பிறகு திறக்கவில்லை. தோண்டிபாவின் பேரைத் தெருவில் எல்லோரும் மரியாதையோடு சொல்கிறார்கள். ஆனால் ரக்மாபாய் இன்றும் மூடிய கதவுக்கு எதிரேதான் அரிக்கிறாள்.

"இன்னும் எதுக்கக்கா இங்கே?" என்று கேட்டேன்.

மணலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அந்த சேட்டுக்கு மகன் இருக்கான்ல. திறக்கட்டும்."