விளக்கை அணைத்தது யார்

பெங்களூரில் வேலை பார்த்த சித்தப்பா அந்தக் கோடை விடுமுறைக்குக் கம்பைநல்லூர் வந்தபோது தன் பழைய லேப்டாப்பையும் ஒரு போட்டியையும் கொண்டுவந்தார். லேப்டாப்பில் ஒரு விளையாட்டு இருந்தது. திரையில் மணல், தண்ணீர், உலோகம் என்று எதையும் துகள் துகளாகக் கொட்டலாம். உலோகத்தைக் கோடாக இழுத்தால் அதில் மின்சாரம் ஓடும். இடது ஓரத்தில் பொத்தானை அழுத்தினால் வலது ஓரத்தில் விளக்கு எரிய வேண்டும். யாருடைய விளக்கு வேகமாக எரிகிறதோ அவருக்கே லேப்டாப். போட்டியில் இரண்டே பேர்: பன்னிரண்டு வயது நான், அரூரிலிருந்து வந்திருந்த என் வயது அத்தை மகள்.

மூன்று நாள் அவகாசம். லேப்டாப்பில் அவள் முறை வந்தால் கதவருகே போய்ப் போய் நின்றேன். உலோகக் கம்பியில் மின்சாரம் டவுன் பஸ் மாதிரி துகளுக்குத் துகள் நின்று நின்று போனது. அவள் அதையே பொறுமையாகச் சீர்செய்துகொண்டிருந்தாள். நான் குறுக்குவழி பிடித்தேன். பக்கத்துத் துகளை வேறொன்றாக மாற்றிவிடும் துகள்கள் சில உண்டு. அவற்றை ஒரு குறிப்பிட்ட வரிசையில் ஒவ்வொன்றாக வைத்தபோது, அழுத்திய கணமே விளக்கு எரிந்தது. ஏன் என்று தெரியாது. தெரியாமல் கண்டுபிடித்ததில் பெருமை இரட்டிப்பாக இருந்தது. சேமித்து மூடினேன். மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பிறகு தீர்ப்பு.

சித்தப்பா திறந்து அழுத்தினார். என் விளக்கு எரியவில்லை. அவளுடையது மெதுவாக, ஆனால் ஒழுங்காக எரிந்தது.

நான் அழுத அழுகையில் வீட்டில் விசாரணை தொடங்கியது. இப்போது அரசு அலுவலகத்தில் விசாரணை அறிக்கைகள் தயாரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நடைமுறையில் ஒரு குறையும் இல்லை. புகார் பெறப்பட்டது. காலையில் அவள் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்ததாக அப்பா சாட்சி சொன்னார். குற்றம் நடந்ததா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டால் அது தேவைப்படுவதில்லை.

"அவன் வெச்சிருந்தத எதுக்குடி நோண்டுன?" என்று அத்தை அவள் காதைப் பிடித்துத் திருகினாள்.

அவள் அழவில்லை. சித்தப்பாவைப் பார்த்து, "என்னோடதத்தான் பாத்தேனுங்க மாமா. அவனயே இன்னொருக்காச் செய்யச் சொல்லுங்க. மூடித் தொறந்தா அப்பவும் எரியாது," என்றாள்.

சித்தப்பா யோசித்தார். நான் லேப்டாப்பை மார்போடு கட்டிக்கொண்டு, அவள் மறுபடியும் கெடுக்கப் பார்க்கிறாள் என்று கத்தினேன். பரிசு எனக்கென்று முடிவானது. மத்தியான பஸ்ஸில் அத்தை அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த விளையாட்டு, துகள்களை வைத்த வரிசையிலேயே அவற்றுக்கு வேலை கொடுக்கும். சேமித்துத் திறந்தாலோ அந்த வரிசையை மறந்து, மேலிருந்து கீழாக எல்லாவற்றுக்கும் புதிய பணிமூப்புப் பட்டியல் போட்டுவிடும். என் துகள்கள் அதில்தான் முன்பின்னாகிப் போயின. இதை அவள் அன்றே ஊகித்திருந்தாள். எனக்குப் பல வருடம் ஆயிற்று.

அவர்கள் போன மறுநாள் அதையே மறுபடியும் கட்டினேன். விளக்கு எரிந்தது. சேமித்து மூடி, சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தேன். எரியவில்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு பார்த்தேன். பிறகு லேப்டாப்புக்குக் கடவுச்சொல் போட்டேன்.